சாம்பல் அட்டைப் புத்தகத்தில் என் பேச்சு

கஹோர்,
13 மார்ச் 1988, ஞாயிறு

என் கிஸ்லேனுக்கு,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது, பாரிஸில் மழை விட்டதா என்றெல்லாம் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். கேட்டதாக வைத்துக்கொள். எனக்கு நாலு நாளாக மனசே சரியில்லை.

வியாழக்கிழமை என் தம்பி பெண்டாட்டி லூசெட் போன் செய்தாள். அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் நமக்கு நரை கூடிவிடும், உனக்குத் தெரியும். அப்படிப்பட்டவள், "அண்ணி, ரெண்டு கரண்டியையும் எடுத்துட்டாங்க" என்று சொல்லிவிட்டு விசும்பினாள். ஊர் ஊராகச் சாப்பிட்டுப் பார்த்து விடுதிகளுக்குக் கரண்டி போடுகிறார்களே, அந்தச் சாம்பல் அட்டைப் புத்தகத்தின் இந்த வருஷப் பதிப்பு வந்துவிட்டதாம். அப்பா அடுப்பில் நின்ற காலத்தில் கிடைத்த இரண்டு கரண்டிக் குறி, இருபத்தாறு வருஷமாக எங்கள் விடுதியின் பெயருக்குப் பக்கத்தில் இருந்தது. இந்த வருஷம் ஒன்றுகூட இல்லை. 'மூன்று வால்நட் மரங்கள், சேன்-மார்சோ' என்று பெயரை மட்டும் போட்டு, கீழே நாலு வரி எழுதியிருக்கிறார்கள்.

"என்ன எழுதியிருக்காங்க?" என்று கேட்டேன்.

"தெரியாது அண்ணி. அவர் நின்னுக்கிட்டே படிச்சார். அடுப்புக் கதவைத் திறந்தார். புத்தகத்தை உள்ள போட்டார். அப்புறம் வெங்காயம் உரிக்க உட்கார்ந்துட்டார்."

சனிக்கிழமை நானே போய்ப் பார்த்தேன். தம்பி அமெதே என்னிடமும் சொல்லவில்லை. "அக்கா, நாலு வரிதான். ஆனா அதை எழுதினவன் எங்க வீட்டுக்குள்ள உட்கார்ந்து எழுதியிருக்கான்" என்றான். ஈஸ்டருக்கு வர இருந்தவர்களில் பாதிப் பேர் இப்போதே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். விடுமுறைக்குக் காரை எடுக்கிறவன் மடியில் அந்தப் புத்தகம்தானே இருக்கிறது. எந்த ஊரில் கோட்டை பார்ப்பது, எந்தச் சந்தையில் பாலாடைக்கட்டி வாங்குவது, எந்த மேஜையில் உட்காருவது, எல்லாம் அது சொல்கிறபடி.

போன ஜூலையில் நாம் இரண்டு பேரும் அங்கே சாப்பிட்டோமே. வாத்து கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருந்தது. நானே உன் காதில் முணுமுணுத்தேன். அது நமக்குள். நம் நாட்டில் சாப்பிடும்போது சாப்பாட்டைக் குறை சொல்லாமல் சாப்பிட்டவன் யார்? அதற்காக ஒரு மனுஷனை ஊருக்கு நடுவில் நிற்க வைத்துத் துணியை உருவுவதா?

நீ பாரிஸில் இருக்கிறாய். உன் காப்பீட்டு அலுவலகத்தில் நாலு பேரைத் தெரிந்த நாலு பேர் இருப்பார்கள். அந்தப் புத்தகத்துக்காகப் போன கோடையில் எங்கள் பக்கம் வந்த ஆள் யார் என்று விசாரித்துச் சொல். பெயர் தெரிந்தால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். அமெதேவுக்கு அந்தப் பெயர் தெரியாமல் தூக்கம் வராது போலிருக்கிறது.

ஜூலைக்கு பர்கண்டி என்று போன வருஷமே பேசினோம். மாற்றாதே. அதை நினைத்துத்தான் இந்த வாரத்தை ஓட்டினேன். வழக்கம்போல நான் மீன் கேட்டால் நீ கறி கேட்பாய், பாதியில் தட்டை மாற்றிக்கொள்வாய், உட்கார்ந்ததும் கழிப்பறை எங்கே என்று ஓடுவாய், கைதவறி முள்கரண்டியைக் கீழே போடுவாய். பதினோரு வருஷமாக ஒரு முள்கரண்டியை ஒழுங்காகப் பிடிக்கத் தெரியவில்லை உனக்கு. இருந்தாலும் உன்னைப்போல ஒருத்தி எனக்கு இல்லை.

இரண்டு கன்னத்திலும் முத்தத்துடன்,
ஆர்லெட்


பாரிஸ்,
22 மார்ச் 1988

அன்பு ஆர்லெட்,

உன் கடிதத்தை அலுவலகத்துக்குக் கொண்டுபோய், வீட்டுக்குக் கொண்டுவந்து, மூன்று தடவை படித்தேன். அமெதேயை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. அவன் முகம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கடைசியில் ஏப்ரனோடு வந்து ஒவ்வொரு மேஜையாக நின்று கேட்பானே, அந்தக் கூச்சத்தோடு.

ஆனால் நீ கேட்டதை என்னால் செய்ய முடியாது. அந்தப் புத்தகத்துக்காக வருகிறவர்கள் பெயர் சொல்லாமல் வருகிறார்கள், பெயர் சொல்லாமல் போகிறார்கள் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். பெயர் தெரிந்து என்ன செய்யப் போகிறாய்? போய் அடிக்கவா? ஒரு வருஷம் பொறு. வேறு ஆளை அனுப்புவார்கள். அமெதே நல்ல சமையல்காரன், அன்றைக்கு ஏதோ ஒரு மோசமான நாள் வாய்த்திருக்கும். யாருக்குத்தான் வராது?

பர்கண்டி மாறவில்லை. நான் அறைகள் சொல்லிவிட்டேன். முதலில் ஓத்தன், அங்கே ரோமானியர் கட்டிய வாசல்கள் இன்னும் நிற்கின்றன, உன் மாணவர்களுக்குப் படம் எடுத்துக்கொள்ளலாம். பிறகு போன் என்கிற ஒயின் ஊர். திங்கட்கிழமை லூஆன் கோழிச் சந்தை, நீ கோழிகளோடு சண்டை போடலாம். கடைசியில் தூர்னூ. மடத்துக் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை, தவளைக்கால் நன்றாக இருக்கும் என்கிறார்கள். நீ சாப்பிட்டுச் சொல்ல வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். அந்த நாலு வரியைத் தேடிப் படிக்காதே. அமெதே எரித்தது நல்லதுதான்.

உன்,
கிஸ்லேன்


கஹோர்,
15 மே 1988

என் கிஸ்லேனுக்கு,

வேறு ஆளை அனுப்புவார்கள் என்று நீ சொன்னதைத் தம்பியிடம் சொன்னேன். "அதுவரைக்கும் கடை இருந்தாத்தானே" என்றான். செவ்வாய் முதல் வியாழன்வரை இப்போது மூடிவிடுகிறான். பள்ளிக்கூடச் சாப்பாட்டறையில் ஆள் தேவையாம், போகட்டுமா என்று லூசெட்டிடம் கேட்டிருக்கிறான். எங்கள் அப்பாவின் மகன், முந்நூறு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசிக்கப் போகிறான்!

இதில் ஒரு கூத்தும் நடந்தது. போன ஜூலையில் யார் யார் சாப்பிட்டார்கள் என்று பதிவுப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, துப்பறிகிறான். லிமோஜ் கால்நடை மருத்துவரா? அவருக்கு இரண்டு தட்டு கேட்டுச் சாப்பிடத்தான் தெரியும். காதுக்கருவி போட்ட பெல்ஜியக்காரரா? அவர் தூங்கிவிட்டார். கடைசியில் மொஸ்யூ திஸாந்தியே என்று முடிவு கட்டிவிட்டான். பாவம், பெண்டாட்டி செத்துப்போன மனுஷன், தனியாக வந்து, செய்தித்தாளை விரித்துக்கொண்டு, ஒரு கிளாஸ் ஒயினோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். தனியாக வந்ததுதான் குற்றம். போன ஞாயிறு அவர் வந்தபோது அமெதே வாசலிலேயே நிறுத்திவிட்டான்.

"மேஜை இல்ல."

"உள்ள ஏழு மேஜை காலியா இருக்கே, மொஸ்யூ அமெதே?"

"உங்களுக்கு இல்ல. எழுதினது போதும்."

அந்த மனுஷன் ஒன்றும் புரியாமல் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கண் கலங்கிவிட்டது. நான் உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் போன பிறகு தம்பியைப் பிடித்துக்கொண்டேன். "ஏண்டா, போன ஜூலையில நானும் கிஸ்லேனும்தான் வந்தோம். எங்களையும் சேர்த்துக்கோயேன்" என்றேன். இரண்டு மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தான். "உன்னையா அக்கா? நீ கடைசித் துளி சாஸ் வரைக்கும் ரொட்டியால துடைச்சுத் தின்னவ" என்றான். அந்தச் சிரிப்புக்காகவாவது உன் பெயரை இழுத்ததை மன்னித்துவிடு.

ஒன்றை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அவன் மேல் எனக்குப் பழைய மனத்தாங்கல் ஒன்று உண்டு. அடுப்பு ஆண்பிள்ளைக்கு என்று அப்பா சொல்லிவிட்டார். சுவை தெரிந்தவள் நான், மேஜை துடைத்தவளும் நான். அதனால்தான் அவன் சமையலில் ஒரு குறை கண்டால் எனக்குள் ஒரு குட்டிச் சைத்தான் கை தட்டும். இப்போது அவன் இடிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்த பிறகு, அந்தச் சைத்தானை அறைய வேண்டும்போல் இருக்கிறது.

நீ யாரையாவது கேட்டாயா, இல்லையா? நேராகச் சொல்.

முத்தங்களுடன்,
ஆர்லெட்


பாரிஸ்,
27 மே 1988

ஆர்லெட்,

அவசரமாக எழுதுகிறேன். மொஸ்யூ திஸாந்தியேயை அமெதே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். அவர் இல்லை. நிச்சயமாக அவர் இல்லை. ஒரு நல்ல மனுஷனை இப்படி நோகடிக்க வேண்டாம் என்று சொல்.

நான் கேட்டுப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. இனிமேல் இதைப் பற்றி எழுதாதே, எனக்கும் வருத்தமாக இருக்கிறது. ஜூலை 9, பிற்பகல், ஓத்தன் ரயில் நிலையம். குடை கொண்டு வா.

கிஸ்லேன்


தூர்னூ, ரயில் நிலையம்,
16 ஜூலை 1988, சனிக்கிழமை

கிஸ்லேன்,

இதை விடுதி வரவேற்புக்குக் கொடுத்தனுப்புகிறேன். என் பெட்டியை எடுத்துவிட்டேன். நீ தவளைக்கால் கடையில் எனக்காகக் காத்திருப்பாய். காத்திரு.

சந்தையில் நீ பாலாடைக்கட்டிக்காரியோடு பேசிக்கொண்டிருந்தபோது வெயில் தாங்காமல் எதிரே இருந்த புத்தகக் கடைக்குள் போனேன். சாம்பல் அட்டை அடுக்கில் இருந்தது. படிக்காதே என்று நீ சொன்னாய்தான். நாலு மாதமாக என் தம்பி வாயைத் திறக்காத அந்த நாலு வரியை ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று எடுத்தேன். சேன்-மார்சோ. மனப்பாடம் ஆகிவிட்டது, எழுதுகிறேன்:

'இங்கே வாத்து இரண்டு முறை சாகிறது, பண்ணையில் ஒரு முறை, நேற்றைய சாஸில் ஒரு முறை. மகன் சமைக்கவில்லை. தந்தையின் பெயரைச் சூடுபடுத்திப் பரிமாறுகிறார்.'

அது என் பேச்சு, கிஸ்லேன். எழுத்து நடைக்கு மாற்றியிருக்கிறாய், அவ்வளவுதான். போன ஜூலை, ஜன்னலோர மேஜை. நீ குனிந்து, "சொல்லேன், உள்ளபடி எப்படி இருக்கு?" என்றாய். நான் கையால் வாயை மறைத்துக்கொண்டு, "வாத்து ரெண்டு தரம் செத்திருக்குடி, சாஸ் நேத்தையது. அப்பா பேரைச் சூடு பண்ணிப் போடுறான்" என்றேன். நீ சிரித்தாய். என் கையைத் தட்டினாய். பிறகு கழிப்பறைக்குப் போனாய். அங்கேதான் எழுதிக்கொண்டாயா?

அந்த மேஜையில் மூன்றாவது ஆள் இல்லை. பக்கத்து மேஜையில் தூங்குகிற பெல்ஜியக்காரர்தான். அப்புறமும் நம்ப மனசில்லை. நாம் முன்பு போன ஆல்பியின் பக்கத்தைத் திருப்பினேன். 'இந்தச் சூப்புக்கு உப்பு அறிமுகம் ஆகவில்லை.' நான் சொன்னது. கொலியூர், நெத்திலி: 'கடலை மறந்த மீன்.' நான் சொன்னது. சார்லா, தினான், ஓன்ஃப்ளர். ஊர் ஊராகத் திருப்பினேன், பக்கம் பக்கமாக நான். கடைக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

"மதாம், வாங்குறீங்களா, இல்ல இங்கயே முழுசாப் படிச்சு முடிச்சிடுறீங்களா?"

"இதை நான்தான் எழுதினேன்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். வெயில் தலைக்கேறிய கிழவி என்று நினைத்து ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்தார். குடித்தேன்.

காப்பீட்டு அலுவலகம்! பதினோரு வருஷம் நான் உன்னோடு ஊர் சுற்றவில்லை. உன் வேலைக்கு உதவிக்கு வந்திருக்கிறேன், அதுவும் எனக்கே தெரியாமல். அமெதே முகத்தைப் பற்றி எழுதினாயே, அந்தக் கூச்சத்தோடு என்று, எப்படி எழுத மனசு வந்தது? அவன் ஒரு பாவப்பட்ட மனுஷனை வாசலில் நிறுத்தினான். உண்மையான ஆள், என் கூடப் படித்தவள், என்னோடு ஒரே அறையில் படுத்தவள், அவனிடம் பூங்கொத்து வாங்கிக்கொண்டு போனாள்.

ரயில் வருகிறது. என் பின்னால் வராதே.

ஆர்லெட்


பாரிஸ்,
20 ஜூலை 1988

ஆர்லெட், என் ஆர்லெட்,

பின்னால் வரவில்லை. எழுதாதே என்று நீ சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எல்லாம் உண்மை. விவாகரத்துக்குப் பிறகு வேலை தேடி அலைந்தபோது இது கிடைத்தது. பெற்ற தாயிடம்கூடச் சொல்லக்கூடாது என்பது நிபந்தனை. தனியாக ஒரு பெண் நல்ல கடையில் உட்கார்ந்து நாலு தட்டு கேட்டால் சமையலறை முழுக்க எட்டிப் பார்க்கும். விடுமுறையில் இருக்கிற இரண்டு சிநேகிதிகளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆமாம், அப்படித்தான் தொடங்கியது. முதல் இரண்டு வருஷம் உன்னை மறைவுக்குத்தான் வைத்துக்கொண்டேன். எழுதியதெல்லாம் என் வார்த்தை. முள்கரண்டியைக் கீழே போட்டதும், பரிமாறுகிறவர்கள் எவ்வளவு சீக்கிரம் வருகிறார்கள் என்று பார்க்கத்தான்.

இதற்கு மேல் ஒருவரிடமும் சொல்லாததைச் சொல்கிறேன். 79 குளிர்காலத்தில் எனக்கு ஒரு கடும் ஜுரம் வந்ததே, மூன்று வாரம், நீகூடத் தேன் அனுப்பினாய். அதில் என் மோப்பம் போய்விட்டது. திரும்பி வரவே இல்லை. உப்பு தெரியும், புளிப்பு தெரியும், இனிப்பும் கசப்பும் தெரியும். அவ்வளவுதான். காளானும் காகிதமும் எனக்கு ஒன்று. வாத்தும் கோழியும் ஒன்று. மேலிடத்துக்குத் தெரிந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது, கையில் வேறு தொழில் இல்லை. அந்த ஜூலையில் நீ ஆல்பியில் சூப்பைப் பற்றிச் சொன்னாய். நான் அதை அப்படியே எழுதினேன். மேலிடத்தில் பாராட்டினார்கள். அதிலிருந்து உன் வாயிலிருந்து வருவதைப் பிடித்துப் பிடித்து எழுதினேன்.

அமெதேயின் விடுதி எனக்குக் கொடுத்த பட்டியலில் இருந்தது. சமையல்காரரின் அக்கா என் சிநேகிதி, வேறு ஆளை அனுப்புங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தச் சிநேகிதி யார், எத்தனை வருஷமாக உங்களோடு வருகிறாள் என்று நோண்டுவார்கள் என்று பயந்தேன். நன்றாக இருந்தது என்று எழுதியிருக்கலாம், அதுவும் உண்டு. ஆனால் நீ நன்றாக இல்லை என்று சொல்லிவிட்டாய். எனக்கு வேறு எதை வைத்து எழுத? சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு கரண்டியாவது விடுவார்கள் என்று நினைத்தேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். அந்த வார்த்தை உன்னுடையது என்று தம்பியிடம் சொல்லாதே. நான் எழுதினேன் என்று சொல், என் பெயரைக் கொடு, வந்து கத்தட்டும், வாங்கிக்கொள்கிறேன். உன்னுடையது என்று தெரிந்தால் அவனுக்கு அக்காவும் போய்விடுவாள். அதை மட்டும் செய்யாதே.

நாம் சிரித்ததெல்லாம் பொய்யில்லை. ஓன்ஃப்ளரில் படகுத்துறையில் மழையில் ஓடியது பொய்யில்லை. நீ பதில் எழுத வேண்டும்.

உன் கிஸ்லேன்


கஹோர்,
4 செப்டம்பர் 1988

கிஸ்லேன்,

உன் நாலு கடிதங்கள் வந்தன. முதலாவதை மட்டும் பிரித்தேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், உனக்கும் அதில் பங்கு இருக்கிறது.

ஒரு மாதம் உன் பேச்சைக் கேட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். தம்பி வீட்டுக்குப் போவேன், "அந்தப் பாவி மட்டும் கையில கிடைக்கட்டும்" என்பான், நானும் "ஆமாண்டா" என்பேன். ஒரு கட்டத்தில் எனக்கே விளங்கியது, நீ என் எதிரில் உட்கார்ந்து செய்ததை நான் இப்போது அவன் எதிரில் உட்கார்ந்து செய்துகொண்டிருக்கிறேன். போன ஞாயிறு சொல்லிவிட்டேன்.

சமையலறையில் பூண்டு நசுக்கிக்கொண்டிருந்தான். உன் பெயரைச் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்தான்.

"கிஸ்லேனா? அந்த அம்மாவுக்கு நான் பூ குடுத்தனே."

"எழுதினது அவ. பேச்சு என்னோடது. வாத்து ரெண்டு தரம் செத்திருக்குன்னது நான். அப்பா பேரைச் சூடு பண்ணிப் போடுறான்னது நான்."

கத்துவான் என்று நினைத்தேன். தட்டு பறக்கும் என்று நினைத்தேன். முதுகைத் திருப்பிக்கொண்டு கைகழுவினான். வெகுநேரம் கழுவினான்.

"சாஸ் நேத்து வச்சதுதான்" என்றான். "அன்னைக்கு லூசெட்டோட அம்மாவை ஆஸ்பத்திரியில சேர்த்திருந்துச்சு. காலைல பதினோரு மணிக்குத்தான் அடுப்புக்கு வந்தேன். நீ சொன்னது சரி."

"அமெதே..."

"இரு. அன்னைக்கு மேஜைகிட்ட வந்து நான் கேட்டேன். எப்படி இருந்துச்சு அக்கான்னு கேட்டேன். நீ எழுந்து நின்னு, ரெண்டு கன்னத்திலயும் முத்தம் குடுத்து, 'அபாரம்டா, அப்பாவே வந்து சமைச்ச மாதிரி'ன்ன. ஊர்க்காரங்க அபாரம்னா நான் நம்ப மாட்டேன். எல்லாரும் அதைத்தான் சொல்லுவாங்க, அது மரியாதைக்கு. உன்னை நம்பினேன். எழுதினவ எனக்கு யாரோ ஒருத்தி. அவமேல எனக்குக் கோபமே இல்ல இப்போ."

பிறகு லூசெட்டைக் கூப்பிட்டு, அண்ணியை வாசல்வரை விட்டுவிட்டு வா என்றான். விருந்தாளியை அனுப்புகிற மாதிரி. லூசெட் கதவருகில் என் கோட்டைப் போட்டுவிட்டாள். "சொல்லாமயே இருந்திருக்கலாம் அண்ணி" என்றாள்.

இதற்கு உன்னை மட்டும் குற்றம் சொல்லி நான் தப்பிக்க முடியாது. ஆனால் ஒன்று. நான் அவனிடம் பொய் சொன்னது ஒரு தடவை, அவன் முகம் வாடக்கூடாது என்று. நீ என்னிடம் பதினோரு வருஷம். இரண்டையும் ஒன்றாக வைக்க என் மனசு ஒப்பவில்லை, ஒருவேளை ஒப்ப வேண்டுமோ என்னவோ.

ஆர்லெட்


பாரிஸ்,
19 பிப்ரவரி 1989

ஆர்லெட்,

இதைப் பிரிப்பாயா தெரியாது. உறையின் மேலேயே எழுதலாமா என்று பார்த்தேன்.

வேலையை விட்டுவிட்டேன். மூக்கு போனதைச் சொன்னேன், ஒன்பது வருஷமாக இன்னொருத்தி நாக்கால் எழுதினேன் என்றும் சொன்னேன். புத்தகத்தை நடத்துகிற பெரியவர் சிரித்துவிட்டு, "அந்த அம்மாவோட விலாசம் குடுங்க, அவங்களை வேலைக்கு வச்சுக்கறேன்" என்றார். கொடுக்கவில்லை. அமெதேயின் விடுதிக்கு வேறு ஆளை அனுப்பச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். அனுப்புவார்களா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. இப்போது ஒரு பல்வைத்தியரிடம் வரவேற்பில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஜூலை வருகிறது. பட்டியல் இல்லாமல் எங்கேயாவது போகலாம். நீ சொல்கிற ஊர். எனக்கு ஒன்றும் ருசிக்காது, உனக்குத் தெரியும், அதனால் சாப்பாட்டைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். நடப்போம், சந்தையில் பீச் வாங்குவோம், கோயில் படியில் உட்காருவோம். நீ வருவாயா?

கிஸ்லேன்


கஹோர்,
12 மார்ச் 1989

கிஸ்லேன்,

பிரித்தேன். நீ வேலையை விட்டதில் எனக்குச் சந்தோஷம் என்று சொல்ல வரவில்லை, வருத்தம் என்றும் சொல்ல வரவில்லை. பல்வைத்தியர் நல்லவராக இருக்கட்டும்.

இந்த வருஷப் பதிப்பில் எங்கள் பெயரே இல்லை. அமெதே அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சரி, இனிமே எவனும் வர மாட்டான், நிம்மதியா சமைக்கலாம்" என்று லூசெட்டிடம் சொன்னானாம். மொஸ்யூ திஸாந்தியே வருகிறார். மன்னிப்புக் கேட்க இவன் அவர் வீட்டுக்கே போனான். ஊர்க்காரர்கள் வருகிறார்கள். விடுதி எத்தனை நாள் நிற்கும் என்று தெரியாது. பள்ளிக்கூடத்துக்குப் போவது மட்டும் இல்லை என்று ஆகிவிட்டது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் லூசெட் போன் செய்தாள். "அண்ணி, அவர் கூப்பிடறார். பின்வாசல் வழியா வரணுமாம்." போனேன். சமையலறைக்குள், அப்பா என்னை நிற்கவிடாத அதே அடுப்புக்கு முன்னால், ஒரு முக்காலி போட்டிருந்தது. என் தம்பி என்னைப் பார்க்கவில்லை. ஒரு கரண்டி சாஸை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். "எப்படி இருக்கு?" என்றான். நான் சொன்னேன். பத்து நிமிஷம் கழித்து இன்னொரு கரண்டி. ஒவ்வொரு சனிக்கிழமையும் போகிறேன். நான் சொல்வதை எழுதிக்கொள்வதில்லை, திட்டுவான், சில சமயம் மொத்தத்தையும் கொட்டிவிட்டு மறுபடி வைப்பான். வேறு ஒரு வார்த்தை என்னோடு பேசுவதில்லை. முத்தம் கிடையாது. என் பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொல்லவில்லை. அவனுக்கு என் நாக்கு வேண்டும், நான் வேண்டாம். அதை என் முகத்துக்கு நேராக வைத்துவிட்டான். நான் அது தெரிந்தேதான் போகிறேன்.

அந்த முக்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் உன்னைப் பற்றி யோசித்து முடித்தேன். என் மனசு முறிந்தது நீ எழுதியதற்காக இல்லை, கிஸ்லேன். கரண்டி போனதற்காகக்கூட இல்லை. என் அப்பா ஒரு நாளும் என்னை எப்படி இருக்கிறது என்று கேட்டதில்லை. என் வீட்டுக்காரர், அவர் ஆத்மா சாந்தியடையட்டும், இருபத்திரண்டு வருஷம் தட்டைக் காலி செய்துவிட்டு எழுந்து போனார், அவரும் கேட்டதில்லை. உலகத்தில் ஒருத்தி மட்டும், மேஜைமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, வேறு எதுவும் வேண்டாதவள்போல என் வாயையே பார்த்துக்கொண்டு, "உள்ளபடி சொல்லு" என்று கேட்டாள். மழையும் படகுத்துறையும் நீ வைத்துக்கொள். நான் வருஷம் முழுக்கக் காத்திருந்தது அந்த ஒரு கேள்விக்கு. பதில் சொல்லச் சொல்ல நான் பெரியவளாகிக்கொண்டே போனேன், நீ என்னைப் பிரியமாகப் பார்க்கிறாய் என்று நினைத்து இன்னும் கூர்மையாகச் சொன்னேன், உன்னைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று என் தம்பியைக்கூட அறுத்துப் போட்டேன்.

இனிமேல் கேட்க மாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். கேட்காத உன்னோடு நான் எதற்கு வர? கேட்டால் நான் எப்படி நம்ப?

ஜூலையில் நான் சேன்-மார்சோவில் இருப்பேன். அங்கே வராதே.

ஆர்லெட்